‘ஆகட்டும், பார்க்கலாம்’: காமராஜர் சொன்னதும் சொல்லாததும்

போன எபிசோட் கென்னடி பத்தினது. 1961 ஜனவரி 20, வாஷிங்டன்ல பனி கொட்டி ஓய்ஞ்ச ஒரு நாள், நாடு எனக்கு என்ன செய்யும்னு கேக்காதீங்க, நாட்டுக்கு நான் என்ன செய்யலாம்னு கேளுங்கன்னு அவர் சொன்ன அந்த வாக்கியம். அதுக்கு நிறைய வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. கோயம்புத்தூர்ல இருந்து ஒரு தங்கை கேட்டது மட்டும் என்னை விடவே இல்ல. "அண்ணா, அமெரிக்க அதிபர்னா ஆளுக்கு ஒரு வாக்கியம் ஞாபகம் வருது. காமராஜர் உங்க மாவட்டத்துக்காரர்தானே? அவர் சொன்னதுல உங்களுக்கு ஞாபகம் இருக்கிற ஒரு வாக்கியத்தைச் சொல்லுங்க."

இந்த எபிசோட் அந்தக் கேள்விக்குத்தான்.

நான் இப்ப ரெக்கார்ட் பண்றது கிருஷ்ணன்கோவில்ல இருந்து. தெரியாதவங்களுக்கு: மதுரையில இருந்து ராஜபாளையம் போற ரோட்டுல, ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொஞ்சம் முன்னாடி, வத்திராயிருப்புக்குப் பிரியற இடம். இன்ஜினியரிங் நாலு வருஷமும் நான் இங்கதான். இந்த வாரம் வொர்க் ஃப்ரம் ஹோம். பின்னால ஹாரன் சத்தம் கேட்டா ராஜபாளையம் பஸ்னு நினைச்சுப் பொறுத்துக்கோங்க.

இந்தப் பக்கம் அவர் பேருக்குப் பஞ்சமே இல்ல. 1985ல ராமநாதபுரத்துல இருந்து தனியா பிரிச்சப்ப இந்த மாவட்டத்துக்கே பேரு காமராஜர் மாவட்டம். 1997ல மாவட்டங்கள்ல இருந்து தலைவர்கள் பேரை எல்லாம் எடுத்தப்பதான் விருதுநகர் மாவட்டம் ஆச்சு. 1952ல, சுதந்திர நாட்டோட முதல் பொதுத்தேர்தல்ல, அவரை டெல்லிக்கு எம்.பி.யா அனுப்பினது எங்க ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதி. 1957லயும் 1962லயும் சட்டமன்றத்துக்கு அனுப்பினது பக்கத்து சாத்தூர். மதுரையில பல்கலைக்கழகம் அவர் பேர்ல. சென்னையில உள்நாட்டு விமான முனையம், மெரினா ஓரமா போற ரோடு, எல்லாம் அவர் பேர்ல. ஜூலை 15 வந்தா கல்வி வளர்ச்சி நாள், ஸ்கூல் ஸ்கூலா பேச்சுப்போட்டி. (ராஜபாளையத்துக்காரங்க கோவிச்சுக்கக் கூடாது, உங்க ஊர் குமாரசாமி ராஜாவும் 1949ல இருந்து 1952 வரைக்கும் முதலமைச்சரா இருந்தவர். சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். அவருக்குத் தனி எபிசோட் பாக்கி இருக்கு.)

ஆக, பேரு இவ்வளவு இருக்கு. பேச்சு? காலேஜ் குரூப்ல கேட்டுப் பார்த்தேன். "காமராஜர்னா என்ன ஞாபகம் வருது, ஒரே லைன்ல சொல்லுங்கடா." வந்த பதில்: கிங் மேக்கர், படிக்காத மேதை, கர்மவீரர், பெருந்தலைவர், கருப்பு காந்தி, ஏழைப் பங்காளன். நல்லா கவனிங்க, இது எல்லாமே மத்தவங்க அவரைப் பத்திச் சொன்னது. அவர் வாயில இருந்து வந்தது இதுல ஒண்ணு கூட இல்ல.

இதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்லன்னு அப்புறம் புரிஞ்சுது. கென்னடியோட வாக்கியம் தானா வந்து விழல. டெட் சோரன்சன்னு ஒரு எழுத்தாளர் அவர்கூடவே இருந்தார். வரைவு மேல வரைவு எழுதி, திருத்தி, ஒலி பார்த்துச் செதுக்கின உரை அது. லிங்கன் தானே எழுதிக்கிட்டவர்தான். ஆனா கெட்டிஸ்பர்க்ல 1863 நவம்பர் 19 அன்னைக்கு அவர் பேசினது 270 சொல் அளவுக்குத்தான், ரெண்டு மூணு நிமிஷம். அவருக்கு முன்னாடி எட்வர்ட் எவரெட்னு பெரிய பேச்சாளர் ஒருத்தர் ரெண்டு மணி நேரம் பேசினார். அவர் பேரையே இப்ப லிங்கன் கதையிலதான் சொல்றோம். இந்த மாதிரி ஆட்கள் நாளைக்கு யாராவது படிப்பாங்கன்னு நினைச்சே பேசினவங்க.

காமராஜருக்கு உரை எழுதற ஆள் கிடையாது, சுயசரிதையும் அவர் எழுதல. கிட்டத்தட்ட ஆறாம் வகுப்போட படிப்பை விட்டுட்டு மாமா ஜவுளிக்கடைக்குப் போன பையன். பேச்சுல அலங்காரம் கிடையாது. வாக்கியம் பாதியில நின்னுடும். முடிவுல ஒரு "ன்னேன்" வரும். "முடியாதுன்னேன்", "என்னங்கிறேன்", அந்த ரகம். மிமிக்ரி பண்றவங்க இன்னைக்கும் அதைத்தான் பிடிப்பாங்க. அதே காலத்துல இந்தப் பக்கம் மேடையில யார் இருந்தா? அண்ணா. தமிழே அவருக்காகக் காத்துக்கிட்டு நின்ன மாதிரி பேசினவர். பேச்சுக்கச்சேரி கேக்கற மாதிரி ஜனங்க டிக்கெட் வாங்கிக் கேட்ட காலம் அது.

இப்படி ஒரு தலைவருக்கு வாக்கியம் கம்மியா இருந்தா என்ன ஆகும்? நாம அவருக்கு எழுதிக் கொடுத்துடுவோம்.

எல்லார் போன்லயும் இருக்கும். கருப்பு வெள்ளை போட்டோ, கீழ தன்னம்பிக்கை வரி, அதுக்குக் கீழ "– காமராஜர்". அதே வரியை அடுத்த வாரம் அப்துல் கலாம் போட்டோவோட பார்ப்பீங்க. அதுக்கடுத்த வாரம் விவேகானந்தர். நாங்க வேலையில கோட் எழுதும்போது, எந்த வரியை யார், எந்தத் தேதியில எழுதினாங்கன்னு பார்க்க ஒரு கமாண்ட் இருக்கு, கிட் பிளேம்னு. ஃபார்வர்டுக்கு மட்டும் அந்த வசதி இல்ல.

ஆனா தேதி இருந்தா கொஞ்சம் தோண்டலாம். ஒரு உதாரணம் பார்ப்போம், இதுல ஒரு அமெரிக்க அதிபரும் வர்றார். அமெரிக்க அதிபர் நிக்சன் இந்தியா வந்தப்ப காமராஜரைச் சந்திக்கணும்னு ஆசைப்பட்டாராம். காமராஜர் மறுத்துட்டாராம். ஏன்னு கேட்டதுக்கு, "எங்க முதலமைச்சர் அண்ணா அமெரிக்கா வந்தப்ப நீங்க அவரைப் பார்க்கல, நான் ஏன் உங்களைப் பார்க்கணும்" அப்படிங்கிற மாதிரி பதில் சொன்னாராம். ரொம்ப அழகான கதை. எதிர்க்கட்சிக்காரருக்காக ரோஷப்படற தலைவர். கேட்டா உடம்பு சிலிர்க்கும்.

இப்ப தேதியைப் போட்டுப் பாருங்க. அண்ணா 1968ல அமெரிக்கா போனார், முதல்ல யேல் பல்கலைக்கழக அழைப்புல, அப்புறம் அதே வருஷம் நியூயார்க்குல அறுவை சிகிச்சைக்கு. 1968ல அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன். நிக்சன் பதவி ஏத்ததே 1969 ஜனவரி 20. அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி 3. நடுவுல ரெண்டே வாரம், அப்ப அண்ணா சென்னையில உயிருக்குப் போராடிக்கிட்டு இருந்தார். நிக்சன் டெல்லிக்கு வந்தது ஜூலை 31. ஆக "அதிபர் நிக்சன் அண்ணாவைப் பார்க்க மறுத்தார்"ங்கிற பாதி, காலண்டர்லயே நிக்க மாட்டேங்குது. அந்தப் பாதி விழுந்தா அதுக்கு காமராஜர் சொன்ன பதிலும் சேர்ந்து விழுது.

இதைச் சொன்னா சிலருக்குக் கோவம் வருது. "நல்ல கதைதானே ப்ரோ, விடுங்களேன்" அப்படின்னு. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஏன்னா உண்மையிலேயே அவர் சொன்னது ஒண்ணு இருக்கு. அது இந்த மாதிரி பளபளன்னு இல்லாததால பின்னால போயிடுது.

அந்தச் சொல்: "பார்க்கலாம்."

முழுசாச் சொன்னா "ஆகட்டும், பார்க்கலாம்." அவர்கூட இருந்தவங்க, மனு கொடுக்கப் போனவங்க, அதிகாரிகள், எதிர்க்கட்சிக்காரங்க, எல்லாரும் ஒருத்தர் விடாம ஞாபகம் வச்சிருக்கிற சொல் இதுதான். ஊருக்கு ரோடு வேணும்னு போவாங்க. பார்க்கலாம். ஸ்கூல் வேணும். பார்க்கலாம். மகனுக்கு வேலை. அதுக்கும் பார்க்கலாம்தான். அதை வச்சே அந்தக் காலத்துல கிண்டலும் பண்ணியிருக்காங்க.

நம்ம காதுக்கு இந்தச் சொல் எப்படிக் கேக்குதுன்னு யோசிச்சுப் பாருங்க. காலையில ஸ்டாண்டப் மீட்டிங். "அந்த பக் என்ன ஆச்சு?" "பார்க்கறேன்." அவ்வளவுதான், அந்த டிக்கெட் பேக்லாக்ல போய் செட்டில் ஆயிடும், அடுத்த தீபாவளிக்குத்தான் வெளிய வரும். வீட்டுக்கு வரன் பார்க்க வந்தவங்க "பார்க்கலாம்"னு சொல்லிட்டுக் கிளம்பினா அம்மா அன்னைக்கே ஜாதகத்தை எடுத்து உள்ள வச்சிடுவாங்க. நமக்கு அந்தச் சொல்லுக்கு அர்த்தம் "இல்ல". நாசூக்கான "இல்ல".

ஒன்பதரை வருஷம், 1954 ஏப்ரல் 13ல இருந்து 1963 அக்டோபர் 2 வரைக்கும், ஒரு முதலமைச்சர் இந்தச் சொல்லை வச்சே ஓட்டியிருக்கார். அவர்கிட்ட அது எப்படி "ஆமா"ன்னு கேட்டுச்சு?

எனக்குத் தோணற பதில் இது. அவர் அந்தச் சொல்லைச் சொன்ன பிறகு உண்மையிலேயே ஒருத்தர் பார்த்தாங்க. 1954ல முதலமைச்சரானப்ப அமைச்சரவை மொத்தமே எட்டு பேர். சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்குத் தன்னை எதிர்த்துப் போட்டி போட்ட சி. சுப்பிரமணியத்தையும், அவர் பக்கம் நின்ன பக்தவத்சலத்தையும் கூப்பிட்டு அமைச்சராக்கினார். நிதியும் கல்வியும் சி.எஸ். கையில. பின்னாடி தொழில்துறைக்கு ஆர். வெங்கட்ராமன். கல்வித்துறை இயக்குநரா நெ.து. சுந்தரவடிவேலு. "பார்க்கலாம்"னு முதலமைச்சர் சொன்னா இவங்க மேஜைக்கு அது வரும். பணம் இருக்கா, இடம் இருக்கா, எத்தனை வருஷம் தாங்கும்னு இவங்க கணக்குப் போடணும். அது முடியற வரைக்கும் அவர் "செய்யறேன்"னு சொல்ல மாட்டார். ஸ்பெக் முடியாம டேட் கொடுக்காத மேனேஜர். உங்க ஆபீஸ்ல அப்படி ஒருத்தர் இருந்தா அவரை விட்டுடாதீங்க.

கிண்டி ஸ்டேஷன்ல இறங்கி ஆபீஸ் போறவங்க நிறைய பேர் இதைக் கேக்கறீங்கன்னு தெரியும். 1958ல ஆரம்பிச்ச கிண்டி தொழிற்பேட்டை அந்தக் காலத்து வேலைதான். வைகை அணை 1959. இப்படி அடுக்கிக்கிட்டே போகலாம், பேச்சுப்போட்டி மாதிரி ஆயிடும். ஒண்ணே ஒண்ணை மட்டும் முழுசாப் பார்ப்போம், மதிய உணவு.

இதுக்கு ஒரு கதை உண்டு, எல்லாரும் கேட்டிருப்பீங்க. சேரன்மகாதேவி பக்கம் ரயில்வே கேட்ல கார் நிக்குது. ஆடு மேய்க்கிற பையனைப் பார்த்து "ஏன் ஸ்கூலுக்குப் போகல?"ன்னு காமராஜர் கேக்கறார். "போனா நீ சோறு போடுவியா?"ன்னு பையன் கேக்கறான். சொல்றவங்களைப் பொறுத்து ஊர் மாறும், ஆடு மாடாகும். அந்த வசனம் அப்படியே நடந்ததான்னு இப்ப யாராலயும் சரிபார்க்க முடியாது. ஆனா அதுக்குப் பின்னால வந்த கோப்பு இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு, சாப்பிட்டவங்க இருக்காங்க.

அந்தக் கேள்விக்கு 1950கள்ல கஜானாவுல பதில் இல்ல. முன்மாதிரின்னு பார்த்தா 1920கள்ல நீதிக்கட்சி காலத்துல சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுப் பார்த்தது உண்டு. அது ஒரு நகரத்துக்குள்ள. மாகாணம் முழுக்கன்னா? நெ.து.சு. மாதிரி ஆட்கள் பிடிச்ச வழி, ஊர்க்காரங்ககிட்ட இருந்து தொடங்கறது. அரிசி கொடுக்கிறவங்க அரிசி, விறகு கொடுக்கிறவங்க விறகு. 1956ல பாரதியார் பிறந்த எட்டயபுரத்துல தொடங்கி வச்சாங்க. இதுக்காக ஊர் ஊரா பிச்சை எடுக்கவும் தயார்னு காமராஜர் அங்க பேசினதா நெ.து.சு. காலத்து ஆட்கள் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. ஒரு முதலமைச்சர் "பிச்சை"ங்கிற சொல்லை மேடையில எடுக்கறார். கென்னடியோட சோரன்சன் அதை முதல் வரைவுலயே அடிச்சிருப்பார்.

கொஞ்ச நாள்ல அரசு மானியம் வந்துச்சு. செலவுல பெரும் பங்கு அரசு, மீதி ஊர். அப்புறம் அறுபதுகள்ல கேர் நிறுவனம் மூலமா அமெரிக்காவுல இருந்து பால் பவுடர், மக்காச்சோள ரவை, எண்ணெய். போன எபிசோட் ஞாபகம் இருக்கா? பதவியேத்த அதே மாசம் கென்னடி கையெழுத்துப் போட்ட முதல் உத்தரவுகள்ல ஒண்ணு, அமைதிக்கான உணவுத் திட்டத்தைப் பெருசாக்கறது. அந்தத் திட்டத்தோட மூட்டைதான் கடல் தாண்டி நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்து வராந்தாவுல இறங்கிச்சு. எழுபது வயசுக்காரங்க யாரைக் கேட்டாலும் அந்த மஞ்சள் உப்புமாவோட வாசனையைச் சொல்வாங்க. அங்க செதுக்கின வாக்கியமும், இங்க சொன்ன ஒத்தைச் சொல்லும் ஒரே தட்டுல வந்து சேர்ந்துச்சுன்னு நினைக்கும்போது எனக்குச் சிரிப்பா இருக்கு. 1982ல எம்.ஜி.ஆர். சத்துணவு, 2022ல காலை உணவுன்னு அந்தத் தட்டு பெருசாகிக்கிட்டே வந்தது உங்களுக்குத் தெரிஞ்ச கதை.

வேற சொற்களும் அவர்கிட்ட உண்டு. நாலு சொல்றேன்.

முதலாவது 1941. அவர் சிறையில இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவரா தேர்ந்தெடுத்துட்டாங்க. விடுதலையாகி வந்தார், நகராட்சிக்குப் போனார், ராஜினாமா பண்ணிட்டார். முழுசா நியாயம் செய்ய முடியாத பதவியை ஏத்துக்கக் கூடாதுங்கிறது அவர் சொன்ன காரணம். நம்மள்ல எத்தனை பேர் லிங்க்ட்இன்ல ஒரே நேரத்துல மூணு பதவி வச்சிருக்கோம்னு பார்த்தா கொஞ்சம் உறுத்தும். இது வெறும் வாய்ச்சொல் இல்லைன்னு 1963ல தெரிஞ்சுது. கட்சிக்கு வேலை செய்யப் பதவியை விடணும்னு ஒரு யோசனையைச் சொல்லி, முதலமைச்சர் நாற்காலியில இருந்து தானே முதல்ல எழுந்தார். நேரு அந்தத் திட்டத்துல ஆறு முதலமைச்சர்கள், ஆறு மத்திய அமைச்சர்கள் ராஜினாமாவை ஏத்துக்கிட்டார்.

ரெண்டாவது 1966. அதுக்குள்ள அவர் அகில இந்திய காங்கிரஸ் தலைவர். அமெரிக்காவுல பிரசிடெண்ட்னா நாட்டுக்கு, இவர் கட்சிக்குப் பிரசிடெண்ட். நேரு 1964 மே மாசம் இறந்தப்ப சாஸ்திரியை முன்னால நிறுத்தினவர். சாஸ்திரி 1966 ஜனவரி 11ல தாஷ்கண்ட்ல இறந்தப்ப, நீங்களே பிரதமர் ஆகுங்கன்னு சிலர் சொல்றாங்க. அவர் சொன்னதா பதிவாகியிருக்கிற பதில்: "நோ ஹிந்தி, நோ இங்கிலீஷ், ஹவ்?" அவருக்கு ஆங்கிலம் படிச்சாப் புரியும், பேச்சுலதான் சரளம் இல்ல. இதை சிலர் தாழ்வு மனப்பான்மைன்னு எழுதறாங்க. எனக்கு அப்படித் தோணல. நாட்டுல பாதிப் பேர்கிட்ட நேராப் பேச முடியாதவன் எப்படி நாட்டை நடத்தறதுங்கிற நேர்மையான கேள்வியாத்தான் கேக்குது. அதே நேரம், இந்தியும் இங்கிலீஷும் தெரியாததால ஒரு தமிழர் தானே ஒதுங்கிக்கிற நிலைமையில நாடு இருந்துச்சேங்கிற வருத்தமும் வராம இல்ல. ஹெச்.ஆர். ரவுண்டுல இங்கிலீஷுக்கு வாய் குழறி வேலை போன ஃப்ரெண்ட்ஸ் எனக்கு உண்டு. அவங்களுக்கு இந்த அஞ்சு சொல் நல்லாப் புரியும்.

இந்த இடத்துல ஒண்ணைச் சொல்லியே ஆகணும், இல்லைன்னா நானும் போட்டோவுக்குக் கீழ வரி போடறவன் ஆயிடுவேன். மொழி விஷயத்துல அவர் சொல்லாம விட்டது நிறைய. 1965ல இந்தி எதிர்ப்புப் போராட்டம். மாணவர்கள் தெருவுல, தீக்குளிப்பு, துப்பாக்கிச் சூடு. இங்க முதலமைச்சர் பக்தவத்சலம், டெல்லியில கட்சித் தலைவர் காமராஜர். அவசரப்பட்டு இந்தியைத் திணிக்கக் கூடாதுன்னு மத்த மாநிலத் தலைவர்களோட சேர்ந்து கட்சிக்குள்ள அவர் பேசினது வரலாறு. மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் ராஜினாமா கடிதம் கொடுத்தாங்க. ஆனா தெருவுல நின்ன பையனுக்கு அன்னைக்குத் தேவைப்பட்டது ஊரே கேக்கற மாதிரி ஒரு வாக்கியம். அது அவர்கிட்ட இருந்து வரல. ரோடு கேட்டு வந்தவனுக்கு "பார்க்கலாம்" போதும். மொழியைக் கேட்டு வந்தவனுக்கு அது போதாது.

மூணாவது சொல் அங்க இருந்துதான் வருது. 1967 தேர்தல். சொந்த ஊர் விருதுநகர்ல நிக்கறார். எதிர்ல தி.மு.க. வேட்பாளர் பெ. சீனிவாசன், அந்த மொழிப் போராட்டத்துல வந்த மாணவர் தலைவர், நம்ம வயசு. "படுத்துக்கொண்டே ஜெயிப்பேன்"னு காமராஜர் சொன்னார்னு இன்னைக்கு வரைக்கும் மேடையில திருப்பிச் சொல்றாங்க. அவர் 1,285 ஓட்டுல தோத்தார்.

அரிசித் தட்டுப்பாடு, மொழிப் போராட்டத்தோட காயம், இருபது வருஷ ஆட்சி மேல அலுப்பு, எல்லாம் அந்தத் தோல்விக்குக் காரணம். எதிர்ப்பக்கம் "மூணு படி லட்சியம், ஒரு படி நிச்சயம்"னு ஆறே சொல்லுல ரூபாய்க்கு எவ்வளவு அரிசின்னு சொல்லிட்டாங்க. எனக்கு அதுல உறுத்தற விஷயம் வேற. வாழ்நாள் பூரா "பார்க்கலாம்"னு சொன்ன மனுஷன், ஒரே ஒரு தடவை "ஜெயிப்பேன்"னு முடிவைச் சொல்லிட்டார். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் அவரோட எதிரிகள் மறக்காம வச்சிருக்காங்க. நம்ம வீட்டுக்கு ஒரு மணி நேரத்துல இருக்கிற ஊர், அவருக்கு ஓட்டுப் போடாதவங்களும் அவர் கட்டின ஸ்கூல்ல படிச்சவங்கதான். நன்றி இல்லாத ஊர்னு சிலர் திட்டுவாங்க. படிக்க வச்சா பிள்ளைங்க கேள்வி கேக்கும், எதிர்த்து ஓட்டும் போடும். அதுல தப்பா எனக்கு ஒண்ணும் தெரியல. 1969 ஜனவரியில நாகர்கோவில் அவரைத் திரும்ப டெல்லிக்கு அனுப்பிச்சு.

நாலாவது, எழுபதுகள்ல. தி.மு.க. உடைஞ்சு 1972ல அ.தி.மு.க. வந்த பிறகு, ரெண்டு கட்சியையும் பத்தி, "ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்"னார். இதுதான் அவர் சொன்னதுலயே அதிகமாப் பயன்படுற வாக்கியம், டி.வி. விவாதத்துல வாரத்துக்கு ஒரு தடவையாவது வரும். எந்த ரெண்டு கட்சியை வேணும்னாலும் அதுல போட்டுக்கலாம்ங்கிறதால பிழைச்சிருக்கு. தென்னை மட்டையைத் தண்ணியில ஊறப்போட்டு நார் உரிக்கிறதைப் பார்த்தவங்களுக்கு அந்த நாத்தமும் சேர்ந்து ஞாபகம் வரும். எழுத்தாளர் வச்சு எழுதினா இந்த உவமை வராது.

1975 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி. எமர்ஜென்சி நடந்துக்கிட்டு இருக்கு. சென்னை திருமலைப்பிள்ளை ரோடு வீட்டுல மதியம் படுக்கறார். உதவியாளர் வைரவன்கிட்ட விளக்கை அணைச்சிட்டுப் போகச் சொன்னார், அதுதான் கடைசிச் சொல்லுன்னு சொல்வாங்க. 72 வயசு. அடுத்த வருஷம் பாரத ரத்னா கொடுத்தாங்க. அந்த விளக்கை வச்சு எத்தனையோ பேர் கவிதை எழுதிட்டாங்க, நாடே இருண்டதுன்னெல்லாம். எனக்கு அது பகல்ல எரியற லைட்டை ஆஃப் பண்ணச் சொன்ன ஒரு வயசானவரோட பேச்சாவே கேக்கணும்னு ஆசை. எங்க தாத்தாவும் தினம் அதைத்தான் சொல்வார்.

அதனால கோயம்புத்தூர் தங்கைக்குப் பதில்: வாக்கியம் இல்லம்மா, ஒரு சொல்தான் இருக்கு. அது உன் ஆபீஸ்லயும் தினமும் புழங்குது.

கடைசியா ஒரு வேலை கொடுக்கறேன். ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர், சிவகாசி, ராஜபாளையம், நாகர்கோவில், குடியாத்தம், இந்த ஊர்க்காரங்க வீட்டுல எண்பது வயசு தாண்டின தாத்தா பாட்டி இருந்தா, காமராஜரை நேர்ல பார்த்திருக்காங்களான்னு கேளுங்க. பார்த்திருந்தா, என்ன சொன்னார்னு அவங்க வார்த்தையிலேயே ரெக்கார்ட் பண்ணுங்க. எந்த ஊர், எந்த வருஷம், எதுக்காகப் போனாங்க, கேட்டது கிடைச்சுதா, இந்த நாலும் சேர்ந்து இருக்கட்டும். கிடைக்கலைன்னாலும் அனுப்புங்க, அது இன்னும் முக்கியம். போட்டோ போட்ட ஃபார்வர்டு மட்டும் வேண்டாம். வர்றதை வச்சு அடுத்த மாசம் ஒரு எபிசோட் பண்ணலாம்னு இருக்கேன். எத்தனை வருதுன்னு பார்க்கலாம்.